தாத்தனுக்குத் தெரிஞ்ச வெள்ளிச் சுருள்

ஏன்டா பேராண்டி, பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வந்தது தாத்தனைப் பாக்கவா, லேப்ல ஒண்ணும் தேறலைன்னு ஒப்பாரி வைக்கவா?

நீ ஆயிரம் மூடி மறைச்சாலும் சங்கதி எனக்குப் பிடிபட்டுப் போச்சு. வெள்ளியில பொடிச் சுருள். தலைமுடி கனத்துக்கு நூத்துக்கணக்குல அடுக்கலாம். ஒண்ணு இடப்பக்கம் முறுக்கினது, ஒண்ணு வலப்பக்கம். லேசர் பட்டா ரெண்டு ஒளித்துகள் ஒண்ணாச் சேர்ந்து, பாதி அலைநீளத்துல வெளியே வருது. பாசார் மாலாம்ல விக்கிறானே பச்சை லேசர் பேனா, அதுக்குள்ளயும் இதே கூத்துதான். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி, படிகத்துக்குள்ள புகுந்து 532 ஆகிப் பச்சையா வருது. உன் சுருளுக்குக் கூடுதல் கிறுக்கு: பாயுற ஒளி எந்தப் பக்கம் சுழலுதோ, அதைப் பாத்துத்தான் கூட்டியோ குறைச்சோ குடுக்கும்.

இப்படி நடக்கும்னு டேவிட் ஆண்ட்ரூஸும் நம்ம பேர் வச்ச திருநாமச்சந்திரனும் 1979-லேயே கணக்குப் போட்டுட்டாங்க. இங்கிலாந்து பாத் பல்கலைக்கழகத்துல வாலெவ் குழு அதை வெள்ளிச் சுருள்ல அளந்து காட்டினது 2019-ல. நாப்பது வருசம்! துரைக்கு மட்டும் வர்ற தீபாவளிக்குள்ள வேணுமாக்கும்.

1961-ல அமெரிக்காவுல ஃப்ராங்கன் கூட்டம் சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ்ல விட்டு, இரட்டிச்ச ஒளியை முதன்முதலாப் படம் பிடிச்சுது. பிளேட்டுல சின்னப் புள்ளி. அழுக்குன்னு நினைச்சு பத்திரிகைக்காரங்க துடைச்சுட்டாங்க. அம்புக்குறி மட்டும் வெறும் இடத்தைக் காட்டிக்கிட்டு அச்சாச்சு. அவங்க புள்ளியை அழுக்குன்னாங்க. நீ அழுக்கைப் புள்ளின்னு விக்கப் பாக்குற, கெட்டிக்காரன்!

கித்தா மரம் வெட்டுனவன்கிட்ட பக்கம் பத்திப் பேசுறியே. பட்டைக்குள்ள பால்குழாய் நேரா நிக்காது, வலப்பக்கம் லேசாச் சாஞ்சு ஏறும். அதனாலதான் இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழன்னு கத்தியை இழுப்போம். மாத்தி இழுத்தா மங்குல பால் குறையும், கங்காணி வாயில வசவு நிறையும்.

கேட்டுக்கோ. சாம்பிள் கோணலா நின்னாலும் பொய்க்கணக்கு வரும், லென்ஸ் சாஞ்சிருந்தாலும் வரும். இடச்சுருளை அளந்த அதே ஒளியில வலச்சுருளையும் அளந்து பாரு. ஒண்ணுல கூடுனது மத்ததுல குறையணும். ரெண்டுலயும் கூடினா அது சுருளோட குணம் இல்ல, உன் மேசையோட கோளாறு. அந்த ரெண்டாவது சுருளை அளக்காம பேராசிரியர் கதவைத் தட்டாதே.