ஏ மூன்றரை

பல் டாக்டர்கள் கணக்கில் வெள்ளை 16 வகை. வரிசையாகச் சொருகி வைத்திருந்த பொய்ப்பற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, உதவியாளரிடம் “ஏ மூன்றரை” என்றார். அரை வேறு! பிரகாச வரிசையில் அது 12-ஆவது இடமாம். பள்ளிக்கூடத்திலும் என் ரேங்க் அந்தப் பக்கம்தான்.

“காபி நிறைய குடிப்பீங்களா சார்?”

“காபி, டீ, கல்யாண வீட்டில் பீடா.”

“அது மேல் கறை. க்ளீனிங்கில் போயிடும். மிச்சம் வயசு.”

எனாமல் ஒளி ஊடுருவும் வஸ்து. அது தேயத் தேய, அடியில் இருக்கும் டென்டினின் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. வெளுக்கட்டும் என்று அழுத்தித் தேய்ப்பவர்கள் மஞ்சளுக்கு வழிவிடுகிறார்கள். கரி பேஸ்ட்காரர்களும் அப்படியே. கறுப்பாகத் துப்பியதும் உள்ளே வெளுத்துவிட்டதென்று ஒரு திருப்தி. எலுமிச்சையும் சோடா உப்பும் வாட்ஸாப் வைத்தியம். அமிலம் எனாமலை இளக்கித் தரும், பிரஷ் வழித்துக்கொண்டு போகும். பழைய ரோமில் கட்டுல்லஸ் என்ற கவிஞர், எதற்கெடுத்தாலும் பளீரென்று இளித்த எக்னேஷியஸ் என்பவரை, சிறுநீரில் பல் விளக்குகிறவன் என்று கிழித்துத் தொங்கவிட்டார். நல்லவேளை, அது இன்னும் எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து சேரவில்லை.

உருப்படியான வழி ப்ளீச்சிங். பல் அளவுக்கு ட்ரே செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்ஸைடு ஜெல்லை விட்டு, இரண்டு வாரம் போல ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். பல் கூசும். காபி, மஞ்சள், புளி, தக்காளி பக்கம் போகக் கூடாது. கூட வந்த மனைவி அப்போதே சமையலை முடிவு செய்துவிட்டாள்: “அப்ப குழம்பு கிடையாது, ரசம் கிடையாது. தயிர்சாதம்தான். ஊறுகாய் கேட்டு வந்து நிக்கக் கூடாது.”

அதற்கும் தலையாட்டியிருப்பேன். வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரம்மா, “முன் பல் கேப்பா சார்?” என்றார்.

கேப்தான். பக்கத்துப் பற்களுக்குப் பொருந்தட்டும் என்று, காசு கொடுத்து மஞ்சளாகச் செய்துகொண்டது. பெராக்ஸைடு சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், பீங்கான் மசியாது. ஊரே வெளுத்தாலும் அது ஏ மூன்றரையாகவே நடுவில் நிற்கும்.

“வெளுத்த பிறகு புதுசு போட்டுக்கலாம் சார். ஆனா ரெண்டு வாரமாவது விட்டுத்தான் ஷேட் பார்க்கணும்.”

போடலாம். ஆனால் வெளுத்த பல் காபிக்குத் திரும்பினால் பழையபடி மங்கும். புதுக் கேப் மங்காது. அப்புறம் அதற்குப் பொருந்த மறுபடி ப்ளீச்சிங். முன்னால் நிற்கும் ஒற்றைப் பீங்கானுக்காக மற்ற 31 பேரும் ஆயுசுக்கும் தயிர்சாதம் தின்ன வேண்டும்.

க்ளீனிங் மட்டும் போதும் என்றேன்.

வீட்டு வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தி, ஈ என்று காட்டச் சொல்லி உற்றுப் பார்த்தாள் மனைவி. “என்னங்க, வித்தியாசமே தெரியலையே!”

கேப் போட்ட அன்றும் இதையேதான் சொன்னாள். அன்றைக்கு அது பாராட்டு.