பில்லில் விளையும் தேக்கு

தேக்கு இரு வகைப்படும். காட்டில் விளைவது ஒன்று, பில்லில் விளைவது மற்றொன்று. டெக்டோனா கிராண்டிஸ் என்று தாவரவியலார் ஒரே பெயரில் முடித்துக்கொண்டதை மரக்கடைக்காரர்கள் நாட்டுத் தேக்கு, நிலம்பூர், கானா, பர்மா எனப் பகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நிலம்பூருக்காவது வரலாறு உண்டு. கப்பலுக்கு மரம் போதாமல் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி அங்கே தேக்குத் தோட்டம் போடவைத்தார். நாற்று வளர்த்து நட்டுப் பாடுபட்டவர் சாத்து மேனன். தோட்டத்துக்குக் கனோலி பெயர் வைத்தார்கள்.

பர்மாத் தேக்கின் விளைச்சல்தான் வியப்புக்குரியது. 2014இல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அது இன்றுவரை தீரவில்லை. கேட்டால், “பழைய ஸ்டாக் சார்.” தேக்கு நீடித்து நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி, இனங்காணும் முறை. வாங்குபவர் விரலை மடக்கிக் கட்டையைத் தட்டிக் காது கொடுப்பது மரபு. இதனால் கட்டையைப் பற்றி ஒன்றும் தெரியவராது. வாங்குபவரைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிடும். தூக்கிப் பார்த்து, கனத்தால் தேக்கு என்பாரும் உளர். தேக்கு நடுத்தரக் கனம்தான், உலர்ந்த மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. வேங்கை அதைவிடக் கனம். கட்டையின் வெட்டுமுகத்தைக் கூரான பிளேடால் சீவி, ஈரம் தொட்டு, லென்ஸில் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெருந்துளைகள் வரிசை கட்டி நிற்கும், போகப்போகச் சிறுக்கும். கோங்கிலும் பிள்ளைமருதிலும் துளைகள் வளையம் பாராமல் எங்கும் இறைந்திருக்கும். மலைவேம்பிலும் இந்த வரிசை உண்டு என்பதால் அடுத்து மூக்கைத் துணைக்கு அழைக்கவும். புதிதாக இழைத்த தேக்குச் சுருளில் பழைய தோல் வாசனை வரும், தடவினால் எண்ணெய்ப் பசை தெரியும். கடையில் லென்ஸை எடுத்தவருக்கு டீ வராது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வேலைக்கு இது இணக்கமான மரம், உளிக்கு மட்டும் பகை. உள்ளே மணல் சத்தான சிலிக்கா இருப்பதால் இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். ஆசாரி அடிக்கடி சாணை பிடிப்பதைச் சோம்பல் என்று கணக்கெழுத வேண்டாம். எண்ணெய்ப் பசையால் பசை பிடிக்காது, ஒட்டும் முன் தின்னர் தொட்டுத் துடைப்பது நலம். அறுத்த புதிதில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டதாகக் குதிக்கும் கட்டம் இது. நல்ல ஆசாரி வாதாடமாட்டார், பலகையை வெளிச்சத்தில் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். சில வாரங்களில் அதுவே பொன்னிறமாகும், பாராட்டு வீட்டுக்காரரின் ரசனைக்குப் போகும்.

கரையான் எதிர்ப்பெல்லாம் நடுவிலுள்ள சேகுக்குத்தான். ஓரத்து வெள்ளைக்கு அது கிடையாது. அதனால் நிலை வைக்கும்போது வெள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கன அடிக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே விலை.