காலியாக விட்ட இடம்

2003இல் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். காதில் ஹெட்போன், காலுக்கடியில் பெடல். அமெரிக்க டாக்டர்கள் மாலையில் பேசி அனுப்புவது நமக்கு விடியற்காலையில் வந்து விழும். 24 மணி நேரத்தில் டைப் அடித்துத் திருப்பியாக வேண்டும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி, வரிக்கணக்கில்தான் சம்பளம்.

டைப்பிங்குக்கும் முன்பே கற்றுக்கொண்டது, இடத்தைக் காலியாக விடுவதை. "காதுல சரியா விழலைன்னா பிளாங்க் விட்டுடு. ஊகிச்சு எழுதாதம்மா, அங்க ஒரு உசுரு இருக்கு" என்பார் எங்கள் குவாலிட்டி அக்கா.

ஒரு நாள், பக்கவாத நோயாளி ஒருவரைப் பற்றிய பதிவு. டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார். அவர் சொன்னது டிஸ்ஃபேஜியாவா, டிஸ்ஃபேசியாவா? முன்னது விழுங்க முடியாமை, பின்னது பேச்சு வராமை. பக்கவாதத்தில் இரண்டுமே வரும் என்பதால் முன்பின் வாக்கியங்களும் கைகொடுக்கவில்லை. பெடலை மிதித்து மிதித்து இருபது தடவை கேட்டேன். அக்காவும் கேட்டார். கடைசியில் பிளாங்க் விட்டு, நேரத்தைக் குறித்து அனுப்பினோம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. அது அடித்ததைத் திருத்துவது எங்கள் வேலையானது. வரிக்குக் கூலி பாதியானது. நாங்கள் திருத்தத் திருத்த அது தேறியது. நாற்பது நாற்காலி இருந்த அறையில் இன்று ஆறு பேர். அக்கா எப்போதோ போய்விட்டார்.

இப்போது டாக்டரும் நோயாளியும் பேசும்போதே ஏஐ கேட்டுக் குறிப்பு எழுதிவிடுகிறது. வேகத்தில் அதோடு போட்டி போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிளாங்க் விடத் தெரியவில்லை. பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐயின் விஸ்பர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில் யாரும் பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்தன. மூளை பாதிப்பால் பேச்சுத் தடைபட்டவர்களின் பதிவுகளில் இது இன்னும் கூடுதல். அவர்கள் சொல் கிடைக்காமல் நிறுத்துகிற இடத்தை, இயந்திரம் தன் சொல்லால் நிரப்பிவிடுகிறது.

போன வாரம் ஒரு கோப்பு. ஒரு பெரியவர் தட்டுத்தடுமாறிப் பேசுகிறார். நடுவே ஒரு நீண்ட மௌனம். திரையில் அந்த இடத்தில் பிழையில்லாத முழு வாக்கியம். மூன்று தடவை கேட்டேன். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான். வாக்கியத்தை அழித்தேன். பிளாங்க் விட்டு, 2 நிமிடம் 14 விநாடி என்று பக்கத்தில் குறித்தேன்.