நீலப் பொட்டு வெந்நீர்

எங்கள் மடிப்பாக்கம் அடுக்ககத்தைக் கட்டியவர் தாராள மனசுக்காரர். மற்ற பில்டர்கள் சமையலறை சிங்க்குக்கு ஒற்றைக் குழாய் போதும் என்று விட்டுவிடுவார்கள். இவர் இரண்டு பிடி வைத்த பளபளப்பான குழாயைப் பொருத்தியிருந்தார். ஒரு பிடியில் சிவப்புப் பொட்டு, இன்னொன்றில் நீலப் பொட்டு. சாவி வாங்கிய அன்றே ஆசையாகச் சிவப்பைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது சும்மா செட்டோட வந்தது சார். கிச்சனுக்கு யாரு ஹாட் லைன் போடறா?" என்றார்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு பிடி?"

"போட்டோல நல்லா இருக்கும்ல."

சென்னையில் வெந்நீர்க் குழாய் பாத்ரூமோடு நின்றுவிடும். சமையலறை வாசலை அது மிதித்ததில்லை. சிவப்புப் பிடியில் என் மனைவி பாத்திரம் தேய்க்கிற நாரை மாட்டிவைத்திருக்கிறாள். அதற்கு வாகான உயரம்.

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம் என்று அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவது அங்கே பழக்கமாம். "நீ வை கண்ணா" என்று என் மனைவி சொல்லச் சொல்ல, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிங்க் முன்னால் போய் நின்றான்.

"மாமா, சுடுதண்ணி எந்தப் பக்கம்?"

"மணி என்ன ஆச்சு?"

"ரெண்டே கால்."

"அப்ப நீலத்தைத் திற."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடியே திறந்தவன், "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டான். "மாமா, லைனை மாத்திக் குடுத்துட்டாங்க!"

"லைன் சரியாத்தான் இருக்கு. வெயில்தான் மாத்திக் குடுத்திருக்கு" என்றேன்.

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிடிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு நிற்கின்றன. காலையில் மோட்டார் போட்டு சம்ப்பிலிருந்து ஏற்றும்போது தண்ணீர் 30 டிகிரி இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் பிற்பகலுக்குள் அது 42 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரை 12 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு வாரத்துக்கு 98 யூனிட். தமிழக அரசு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வீட்டுக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுத்து அதற்கு வருஷா வருஷம் மானியக் கணக்கும் எழுதுகிறது. சூரிய பகவான் ஒற்றைத் தொட்டியிலேயே அதை ஒரு வாரத்தில் கொட்டிவிட்டு, விளம்பரம் ஏதும் போட்டுக்கொள்ளாமல் மேற்கே போய்விடுகிறார். வேண்டும் என்று யார் மனுக் கொடுத்தது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

தொட்டியிலாவது தண்ணீர் நிறைய இருப்பதால் சூடு மெதுவாக ஏறும். தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே வெயிலில் கிடக்கிற பிளாஸ்டிக் பைப்பில் நிற்கிற தண்ணீர் அப்படியில்லை. குழாயைத் திறந்ததும் முதலில் வந்து கையில் விழுவது அதுதான். கொஞ்ச நேரம் விட்டால் சூடு தணியும். ஆனால் 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய ஊரில், தண்ணீரைச் சும்மா விட எவருக்கும் மனசு வராது. அதனால் முதல் தண்ணீரைப் பிடிக்க சிங்க்குக்குள் ஓர் அலுமினியக் குண்டான் எப்போதும் இருக்கும். அந்தக் குண்டானில் ஊறுகிற பாத்திரங்களுக்குத் தனி மினுமினுப்பு வந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

கஷ்டமெல்லாம் பாத்திரங்களுக்கில்லை, சமையலுக்குத்தான். மே மாதத்தில் கொத்தமல்லிக் கட்டை இரண்டு மணிக்குக் குழாயில் அலசினால், அது ரசத்துக்குள் போகுமுன்பே பாதி ரசமாகிவிடும். உளுந்தை அந்தத் தண்ணீரில் ஊறவைத்தால் ஊறுவதற்குள் ஒரு வாடை வந்துவிடுகிறது. ஏற்கெனவே கிரைண்டர் ஓட ஓட மாவு சூடாகும். அதில் குழாய்த் தண்ணீரையும் தெளித்தால் ராத்திரி கரைத்து வைக்கிற மாவு விடிவதற்குள் பொங்கித் தரையில் கோலம் போட்டிருக்கும். அதனால் எங்கள் வீட்டில் மாவாட்டும் நாளில் ஃபிரிட்ஜில் ஐஸ் டிரேக்கள் நிறைந்திருக்கும். ஆட்டும்போது என் மனைவி கைநிறைய ஐஸ் கட்டிகளை எடுத்து கிரைண்டருக்குள் போடுவாள். அக்கா மகன் அதை வீடியோவே எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "வருஷம் பூரா எப்படி மாமா? எண்ணெய்ப் பிசுக்கு போக ஹாட் வாட்டர் வேணாமா?"

எந்த ஊர் எண்ணெய் என்பதைப் பொறுத்தது அது. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். சென்னையில் அது உறைவது மார்கழி விடியற்காலையில் மட்டும்தான். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் அந்த மரியாதையும் கிடையாது. வனஸ்பதி 31 முதல் 41 டிகிரிக்குள் உருகவேண்டும் என்று உணவுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே எங்கள் குழாய்த் தண்ணீர் பாதி வருஷம் அதையும் சமாளித்துவிடும். நியூஜெர்சியில் ஜனவரி மாதம் குழாயில் வருவது பத்து டிகிரிக்கும் கீழே இருக்கிற தண்ணீர். அதில் நெய்க் கிண்ணத்தைக் காட்டினால் நெய் கல்லாகி உட்கார்ந்துகொள்ளும். அவர்களுக்கு வெந்நீர் வேண்டித்தான் இருக்கிறது. நமக்குச் சபீனாவும் கைவலுவும் போதும்.

"கிருமி?" என்றான்.

கிருமி சாக 60 டிகிரிக்கு மேலே வேண்டும். அதில் கையை வைத்தால் முதலில் சாவது நாம்தான். வெறுங்கையால் தேய்க்கிறவர் தாங்கக்கூடிய சூட்டில் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பிய்த்துக் கழுவிக்கொண்டு போவது சோப்பு. அமெரிக்காவில் ஓட்டல்களுக்கென்று அரசு மாதிரி விதித்தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் 38 டிகிரி இருக்கவேண்டும் என்று அது சொல்லிவந்தது. 2022 பதிப்பில் அதை 29.4 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குப்படி எங்கள் சமையலறை மார்கழி, தை தவிர அநேகமாக வருஷம் முழுவதும் பாஸ். கையால் பாத்திரம் கழுவுவதற்கு அதே தொகுப்பு 43 டிகிரி கேட்கிறது. மே மாதம் இரண்டு மணிக்கு வந்தால், பைப்பில் நிற்கிற அந்த முதல் தண்ணீரிலேயே அதற்கும் சான்றிதழ் வாங்கிவிடுவோம்.

தோற்பது ஒரே ஒரு இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புச் சட்டியில். ஆட்டுக் கொழுப்பு 45 டிகிரிக்கு மேலே போனால்தான் இளகும். அதன் முன்னால் தொட்டித் தண்ணீரும் கைகட்டி நிற்கும். நார் போட்டுத் தேய்த்தால் சட்டியிலிருக்கிற கொழுப்பு நாருக்கு வரும், நாரிலிருந்து சிங்க்குக்குப் போகும், சிங்க்கிலிருந்து கைக்கு வந்துசேரும். வீட்டைவிட்டு மட்டும் போகாது. பாத்ரூம் கீசரிலிருந்து வாளியில் பிடித்துக்கொண்டு வரவேண்டியது என் பொறுப்பு என்று ஆரம்பத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஹாலில் சொட்டுகிற தண்ணீரைத் துடைப்பதும் என் பொறுப்பு என்று திருத்தம் வந்ததும் ஏற்பாடு கைவிடப்பட்டது. இப்போதெல்லாம் என் மனைவி சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதையே திரும்ப அடுப்பில் ஏற்றிவிடுகிறாள். நாலரை மணிக்கு எதிர்வீட்டு மாமி எட்டிப்பார்த்து, "இந்நேரத்துக்கு அடுப்புல என்னடி கொதிக்குது?" என்பார். "பாத்திரம் மாமி" என்று பதில் போகும்.

சமையலறையில் வெந்நீர் என்பது நமக்குப் புதுசு என்று அக்கா மகன் நினைத்துக்கொண்டிருந்தான். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டு மண் அடுப்பை அவன் பார்த்ததில்லை. பெரிய அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் சின்னதாகக் கொடி அடுப்பு இருக்கும். அதற்கென்று விறகு கிடையாது. பெரிய அடுப்பில் எரிகிற தீயின் நாக்கு உள்ளே இருக்கிற துளை வழியாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். அந்த மிச்சச் சூட்டில் கரிபிடித்த வெந்நீர்த் தவலை நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும். புளி ஊறவைக்கவும் இடியாப்ப மாவு பிசையவும் தாத்தாவின் சுக்குக் காப்பிக்கும் அதிலிருந்துதான். ஒரு செம்பு எடுத்தவர் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போகவேண்டும். ஊற்றாமல் போனவரை வாசல்வரை துரத்திக்கொண்டு வரும் பாட்டியின் குரல்.

பாத்திரத்துக்கு மட்டும் அதில் ஒரு சொட்டு கிடையாது. அதற்குக் கிணற்றடி, சாம்பல், தேங்காய்நார். பித்தளைக்குச் சக்கைப்புளி. கிணற்றுத் தண்ணீரும் லேசுப்பட்டதில்லை. பூமிக்குள் சூடு பெரிதாக ஏறி இறங்குவதில்லை என்பதால், சித்திரை மதியத்தில் ஜில்லென்றும், மார்கழி விடியலில் வெதுவெதுவென்றும் இருக்கும். மனிதன் கேட்பதை அந்தந்த மாசத்தில் கொடுத்த ஒரே தண்ணீர் அதுதான். பிறகு கேஸ் அடுப்பு வந்தது. அதில் மிச்சச் சூடு என்று எதுவும் இல்லை, எல்லாம் மீட்டர் போட்டதுபோல் செலவு. கொடி அடுப்போடு தவலையும் பரணுக்குப் போனது. கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீரைத் தூக்கி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். அப்படி வைத்தது யார் யோசனையோ, அவர் சமைக்கிறவராக இருந்திருக்கமாட்டார்.

ஊருக்குக் கிளம்புமுன் அக்கா மகன், புளி ஊறவைக்க அங்கே அவன் மனைவி நேராகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பிடித்துக்கொள்வதாகப் பெருமையாகச் சொன்னான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதே, சூடு பழைய பைப்பிலிருக்கிற ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வரும் என்று அவன் நாட்டு அரசாங்கமே சொல்கிறதே என்றேன். போனை எடுத்துப் பார்த்தான். முகம் கொஞ்சம் மாறியது. கெட்டில் எங்கே கிடைக்கும் என்று என் மனைவியிடம் கேட்டான்.

எங்களுக்கு வேண்டியிருப்பது பச்சைத் தண்ணீர்தான். ராத்திரி பத்து மணிக்குமேல் தொட்டி கொஞ்சம் ஆறியதும் வாளி, அண்டா, குக்கர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பிடித்துவைக்கிறோம். போன மாதம் அசோசியேஷன் கூட்டத்தில், தொட்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சூடு குறையும் என்று மூன்றாம் மாடிக்காரர்கள் சார்பில் தீர்மானம் கொண்டுவந்தேன். கீழ்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற தாசில்தார் எழுந்து நின்றார். அவருக்கு மூட்டுவலி. தினம் பதினொரு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் குளிப்பதால்தான் கரன்ட் பில் கட்டுப்படியாகிறது என்றார். அக்னி நட்சத்திரத்தில் பெயின்ட் அடிக்க ஆட்சேபணையில்லை, ஆனால் டிசம்பர் முதல் தேதிக்குள் அதைச் சுரண்டிக் கறுப்பாக்கித் தரவேண்டும் என்று மினிட்ஸில் எழுதவைத்து, எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். சுரண்டுகிற கூலி மூன்றாம் மாடியைச் சேர்ந்ததா, கீழ்வீட்டைச் சேர்ந்ததா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.