கராஜுக்கு மேலே ஓர் ஓட்டல்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டு கராஜுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மைக்ரோவேவ், மனசு வைத்தால் வெந்நீர் தரும் ஒரு ஷவர். டெக்சாஸ் சட்டப்படி இது ஓட்டல். முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் ஓட்டல்தான். மாடியில் நீச்சல்குளம் இருக்கிறதா, கீழே மனைவியின் மாவு கிரைண்டர் ஓடுகிறதா என்றெல்லாம் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஓட்டல் என்றால் தங்கும் வரி உண்டு. மாநிலத்துக்கு 6 சதவீதம், நகரத்துக்கு 7, ஹாரிஸ் கவுண்டிக்கு 2, விளையாட்டு அரங்க ஆணையத்துக்கு 2. மொத்தம் 17. நாலு பங்காளிகள்! ஊர்ப் பங்காளிகளாவது விசேஷத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போவார்கள்.

ஏர்பிஎன்பி வழியாக வருகிறவர்களிடம் மாநிலத்தின் பங்கை 2017 மே முதல் அந்தத் தளமே பிடித்துக் கட்டிவிடுகிறது. மற்றப் பங்குகளை யார் கட்டுவது என்பது ஊருக்கு ஊர், தளத்துக்குத் தளம் மாறும், விசாரித்துக்கொள்வது நல்லது. என்னிடம் வருகிறவர்களோ பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். நேரே போன் செய்வார்கள். அப்போது வசூல் மொத்தமும் என் தலையில்.

பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் ஒரு கல்யாணத்துக்காக டாலஸிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு ராத்திரி, ராத்திரிக்கு 100 டாலர். சுத்தம் செய்ய 50. ஆக 250 டாலருக்கு வரி 42.50.

"சுத்தம் பண்றதுக்குமா தம்பி வரி?"

"ஆமா சார். ரூமோட சேர்த்து வாங்கறதால அதுக்கும் உண்டு."

"யாரு சுத்தம் பண்றா?"

"நான்தான்."

"நீ பெருக்கறதுக்கு நான் கவர்மெண்டுக்குக் காசு கொடுக்கணும்?"

இதற்கு நான் சட்டத்தில் பதில் தேடவில்லை. விளையாட்டு ஆணையத்துக்கு நகர்ந்தேன். அது 1997இல் தொடங்கியது. 2000க்கும் 2003க்கும் இடையில் பேஸ்பாலுக்கு ஒன்று, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஒன்று, கூடைப்பந்துக்கு ஒன்று என்று அரங்கங்கள் எழுந்தன. அவற்றைக் கட்ட வாங்கிய கடனை அடைக்க, ஓட்டலில் தங்குகிறவரிடமும் வாடகைக் கார் எடுக்கிறவரிடமும் வரி. உள்ளூர்க்காரனுக்கு ஓட்டு இருக்கிறது. வெளியூர்க்காரன் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். யாரிடம் வசூலிப்பது என்பதில் எந்த நகர சபைக்கும் குழப்பம் வந்ததில்லை.

பெரியவரின் முகம் மாறியது. அவர் டாலஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணியின் ரசிகர். "ஹூஸ்டன்காரன் விளையாடற கிரவுண்டுக்கு நான் கடன் கட்டறேனா?"

"அஞ்சே டாலர்தான் சார்."

"அஞ்சு டாலர் பெரிசில்ல தம்பி. மானம்!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேஷா தந்துடறேன். பில்லு வேண்டாம்." தி.நகர் பாத்திரக்கடையில் பழகிய குரல். அட்லாண்டிக்கைத் தாண்டியும் அது தேயவில்லை.

"சொந்தக்காரர்னு எழுதிடலாமே," என்று கீழேயிருந்து மனைவி யோசனை சொன்னாள். சொந்தக்காரர் என்றால் வாடகையே வாங்க முடியாது என்றேன். கிரைண்டர் சத்தம் உடனே கூடியது.

வரியே இல்லாமல் தங்க ஒரு வழி உண்டு. தொடர்ந்து முப்பது நாளுக்கு அறையை எடுத்து, இடைவிடாமல் வாடகை கட்டினால் போதும். ஓட்டல் வரிச் சட்டம் அவரை நிரந்தரவாசி என்று ஒப்புக்கொண்டு வரியை விட்டுவிடும். கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில் முப்பதே நாளில் நிரந்தரவாசி ஆக என் கராஜ் மாடிதான் கதி. பெரியவர் இதைக் கேட்டுவிட்டுக் கட்டிலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எனக்குப் பகீரென்றது.

பேச்சை மாற்ற, என் வருமானத்தையும் சொல்லிவைத்தேன். வரியை வசூலித்துக் காலத்தோடு கட்டினால், மாநிலம் தன் பங்கில் 1 சதவீதத்தை வசூல் செலவுக்கென்று நமக்கு விட்டுத்தரும். அவர் கட்டும் 15 டாலரில் எனக்கு 15 சென்ட்.

பெரியவர் பர்ஸைத் திறந்தபடியே யோசித்தார்.

"அதுல ஏதாவது கொறச்சுக்கயேன் தம்பி."