முன்சில்லு உயர்த்தியல்: மட்டக்களப்பு வாவிக்கரை வளவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதா என்றறிய, இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி ஒலிப்பதிவே செய்தார். கல்லடிப் பாலத்தின் மேலே அன்றாடம் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் முன்சில்லுகள் அந்த மீன்களைவிட உரத்துப் பாடுகின்றன. அவற்றுக்கு ஒலிவாங்கி பிடிக்க இதுவரை எந்த அறிஞரும் வரவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

பாடலுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவியும் அதற்கு அப்பால் கடலும் சேர்ந்து காற்றில் கலந்துவிடும் உப்பு. அது பெயரிங்கைத் தின்னும். போர்க்கின் குழாயில் துருப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி ஒயில் சீலைக் கிழிக்கும். மற்றது அரசாங்கக் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புது வண்டி வரவில்லை. ஆகவே, இருந்த வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பது குடும்பக் கடமையாயிற்று. பெயரிங் மாற்றவும் சீல் மாற்றவும் முதலில் முன்சில்லு நிலத்தைவிட்டு எழும்ப வேண்டும்.

2. சிக்கலின் இயல்பு

டபுள் ஸ்டாண்டில் ஏற்றினால் பெரும்பாலான வண்டிகளில் எழும்புவது பின்சில்லுதான். எஞ்சின் ஸ்டாண்டுக்கு முன்னால் இருப்பதால் வண்டி முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வண்டியைப் படைத்தவர் பின்சில்லுக்குக் காட்டிய கருணையை முன்சில்லுக்குக் காட்டவில்லை. மனிதர் தம் முயற்சியால் வெல்ல வேண்டிய இடம் இது.

3. வழக்கிலுள்ள பள்ளிகள்

எழுவான்கரைப் பள்ளி: வாவியின் கிழக்குக் கரை மணல் வளவில் தோன்றியது. ஸ்டாண்டின் ஒரு கால் மெல்ல மெல்லப் புதைய, வண்டி அந்தப் பக்கம் சரியும். நிற்க ஓர் இடம் தந்தால் உலகையே நெம்புவேன் என்ற ஆர்க்கிமிடீசைப் பெரிய கல்லாற்று மணலில் நிறுத்தியிருந்தால், முதலில் ஒரு பலகை கேட்டிருப்பார். இப்பள்ளியின் நிலைத்த பங்களிப்பு அந்தப் பலகையே.

படுவான்கரைப் பள்ளி: வாவியின் மேற்குக் கரை வயல் சார்ந்தது. கரியரில் நெல் மூட்டையைக் கட்டிப் பின்பக்கத்தைத் தாழ்த்துவது. கொள்கை சரி, பொருள்தான் நிலையற்றது. நெல் விலை ஏறும் நாளில் மூட்டை கரியரிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போகும். முன்சில்லும் அன்றே இறங்கும்.

மாங்கொப்புப் பள்ளி: ஹேண்டிலைக் கயிற்றால் மரத்தில் கட்டித் தூக்குவது. கொப்பு முறிவது ஒருபுறமிருக்க, கட்டிய ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிக் கழுத்துப் பெயரிங் நடுவில் சிக்குகிறதா என்று பார்க்க முடியாது. பரிசோதனைக்காகத் தூக்கியது பரிசோதனைக்கே தடையாகிறது.

மருமகன் பள்ளி: இருகரையிலும் செல்வாக்குள்ளது. “மனே, இதில கொஞ்சம் குந்து” என்று பின்சீற்றின் கடைசியில் ஒருவரை இருத்துவதோடு செயல்முறை முடிகிறது. இதற்குத் தனி இயல் தேவை.

4. ஆள் பாரம் பற்றிய விமர்சனம்

மருமகன் குந்தியதும் முன்சில்லு எழும்பிவிடும். மாமா அச்சுக் கம்பியை உருவுவார். சில்லு கையில் வந்துவிடும். சரியாக அப்போது அடுக்களையிலிருந்து “தேத்தண்ணி ஆறுது” என்று குரல் வரும். மருமகன் மரியாதை தெரிந்தவர். மாமி கூப்பிட்டால் எழும்புவார். போர்க்கின் இரு காலும் நிலத்தில் குத்தும். வண்டி ஸ்டாண்டைவிட்டு முன்னால் பாயும். குற்றம் மருமகனுடையதன்று. காதுள்ள பாரத்தைத் தெரிந்தெடுத்ததே குற்றம்.

கணக்கும் அவருக்குச் சாதகமாக இல்லை. 110 கிலோ வண்டியின் எடை மையம் ஸ்டாண்டுக்கு 10 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். ஸ்டாண்டுக்கு 70 சென்ரிமீற்றர் பின்னால் ஏறத்தாழ 16 கிலோ வைத்தால் சமன். 60 கிலோ மருமகனில் 44 கிலோ வீண்.

5. பரிந்துரைக்கப்படும் முறை

சில்லு நிலத்தில் இருக்கும்போதே அச்சு நட்டை இளக்குக. தூக்கிய பின் ஸ்பானரில் தொங்கினால் வண்டியும் கூடவே வரும். ஸ்டாண்டுக்குக் கீழே அகலப் பலகை. ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியை முன்சட்டத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டுக. அப்போது அது பின்னால் மடியாது. கரியரில் 20, 25 கிலோ பாரம் ஏற்றுக. எழும்பியதும் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையை இறுக்கமாகச் செருகுக. எஞ்சினுக்குக் கீழே சட்டம் ஓடும் வண்டியில் கட்டை அந்தச் சட்டத்தில் முட்ட வேண்டும். சைலன்சர் குழாயிலோ ஒயில் இறக்கும் நட்டிலோ முட்டக் கூடாது. ஜக் வைத்தாலும் விதி இதுவே. ஜக்குக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு பலகைத் துண்டு. பின்பு ஹேண்டிலைப் பிடித்து அசைத்துப் பார்த்த பிறகே சில்லைக் கழற்றுக.

பாரம் எதுவாக இருக்க வேண்டும்? அரிசி சமையலால் தேயும். நெல் விலைக்கு அசையும். உரம் மழைக்குக் கரையும். எஞ்சுவது மணல். ஸ்டாண்டைப் புதைத்த அதே மணலைச் சாக்கில் கட்டினால் தேத்தண்ணிக்கும் எழும்பாது.

6. ஆட்சேபமும் விடையும்

வண்டி விழுந்தால் மணல் மூட்டையை ஏச முடியாதே என்பது மாமாமார் தரப்பின் ஆட்சேபம். மணல் மூட்டை வைத்தால் வண்டி விழாது என்பதால் ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்படுகிறது. வேறு காரணத்துக்காக ஏச விரும்புவோருக்கு மருமகன் பக்கத்திலேயே ஸ்பானரோடு நிற்பார்.