பேரல் புதுசு, ஆயில் சுத்தமா?

டோசரில் ஹைட்ராலிக் ஆயிலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?
(குவாரி உரிமையாளர், கரூர்)

பல டோசர்களின் கையேட்டில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். ஃபில்டருக்கு அதைவிடச் சீக்கிரம், 500 அல்லது 1,000. இதெல்லாம் சாதாரண வேலைக்குப் போட்ட கணக்கு. கருங்கல் தூசியில் இரண்டு ஷிஃப்ட் ஓடும் உங்கள் வண்டிக்கு அதுவரை பொறுக்காதீர்கள். ஹவர் மீட்டர் நின்றுபோயிருந்தால் முதல் செலவு அதுதான்.

ஆயில் கெட்டுவிட்டதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமா?
(மெக்கானிக், ஓசூர்)

பாதி சொல்லலாம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். கருகிய வாடை வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. நுரைத்தால் பம்ப் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது.

மீதிப் பாதிதான் ஆபத்து. நம் கண்ணுக்குச் சுமார் 40 மைக்ரான் வரைதான் தெரியும். பம்புக்குள்ளும் கன்ட்ரோல் வால்வுக்குள்ளும் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான். பம்பைத் தேய்க்கிற தூசி உங்கள் கண்ணில் படவே படாது. அதனால்தான் ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே 4, 6, 14 மைக்ரான் அளவுகளில் துகள்களை எண்ணியே சொல்லிவிடுவார்கள்.

சீல் உடைக்காத புது பேரல். அதையும் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும் என்கிறார் ஃபோர்மேன். வீண் வேலைதானே?
(ஒப்பந்ததாரர், விருத்தாசலம்)

ஃபோர்மேன் சொல்வதைக் கேளுங்கள். புது ஆயில் என்பது வேறு, சுத்தமான ஆயில் என்பது வேறு. பேரல், லாரி, கோடவுன் என்று பல கை மாறி வந்த ஆயில், இன்றைய பம்ப் கேட்கும் அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. ஃபில்டர் வைத்த பம்பு வழியாக டேங்குக்கு ஏற்றுங்கள். புனலும் பழைய பக்கெட்டும் வேண்டாம்.

பேரலை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரியும், இரவில் சுருங்கும். சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரை இல்லையென்றால் படுக்கவையுங்கள். இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடத்தில் இருக்கட்டும்.

68 போடும் வண்டிக்கு 46 போடலாமா?
(ஆபரேட்டர், அரியலூர்)

கையேடு அனுமதித்தால் மட்டும். அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. 46 மெல்லியது. நம் சித்திரை வெயிலில் அது இன்னும் இளகி, பம்புக்குள்ளேயே கசிந்து சுற்றும். பிளேடு மெதுவாக எழும்பும், சூடு ஏறும்.

ஆயில் மாற்றும் முறையைச் சொல்லுங்கள், படிப்படியாக.
(ஐடிஐ மாணவர், நெய்வேலி)

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன் தம்பி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிளேடு, ரிப்பர் இரண்டும் தரையில் இறங்கியிருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடு. டேங்க் மூடியை மெல்லத் திருகு. உள்ளே அடைபட்ட காற்று முதலில் போகட்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கு. ஆறிப்போனால் கசடு அடியிலேயே தங்கிவிடும், கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும்.

டேங்கைத் துடைக்கக் காட்டன் வேஸ்டைத் தொடாதே. பட்டறையில் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். அதன் நூல் பிசிறு போய் ஸ்ட்ரெயினரில் சுற்றிக்கொள்ளும். பிசிறு விடாத துணி போதும். ஸ்ட்ரெயினரை டீசலில் கழுவிக் காற்றடி.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அறுத்து, மடிப்புகளைப் பிரித்து வெளிச்சத்தில் பார். பித்தளை மினுக்கம் தெரிந்தால் பம்ப் தேய்கிறது. ரப்பர் துணுக்கு இருந்தால் சிலிண்டர் சீல் போகிறது. காந்தத்தில் ஒட்டும் தூள் எஃகுத் தேய்மானம். அந்தச் சில நிமிடம் பார்க்காமல் விட்டால், பம்ப் உடைந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

ஓ ரிங் புதுசு போடு. ஆயில் நிரப்பி, கையேடு சொல்லும் இடத்தில் பம்பின் காற்றை எடுத்த பிறகு, இன்ஜினை ஐடிலிங்கில் விடு. ஒவ்வொரு சிலிண்டரையும் நான்கைந்து தடவை நீட்டி மடக்கு. ஆனால் கடைசி முனைக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்திவிடு. உள்ளே காற்று இருக்கும்போது முட்டவிட்டால் சீல் கருகும். பிறகு முழு நீளத்துக்கு ஓட்டி, பிளேடை இறக்கி, அளவு பார்த்து டாப் அப் செய்.

புது ஆயில் இரண்டே நாளில் கறுத்துவிட்டது. கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா?
(டோசர் உரிமையாளர், தூத்துக்குடி)

கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் இறக்கியது டேங்கில் இருந்ததை மட்டும். சிலிண்டர், ஹோஸ், கூலர் எல்லாவற்றிலும் பழைய ஆயில் அப்படியே இருந்தது; லீவரைத் தொட்டதும் கலந்துவிட்டது. பழைய ஆயில் ரொம்ப மோசமென்றால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு ஃபில்டரை இன்னொருமுறை மாற்றுங்கள்.

ஹோஸில் கசிவு என்றால் என் வீட்டுக்காரர் கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார். சொன்னால் கேட்பதில்லை.
(ஆபரேட்டரின் மனைவி, பெரம்பலூர்)

அம்மா, இந்தப் பதிலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். டோசரின் ஹைட்ராலிக் குழாயில் 200 பாருக்கு மேல் அழுத்தம் போகும். லாரி டயர் காற்றைப் போல இருபது மடங்குக்கும் அதிகம். ஊசித் துளையில் பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது முள் குத்தியது போன்ற ஒரு புள்ளி. முதலில் வலியும் பெரிதாக இருக்காது. அதனால்தான் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை சாகத் தொடங்கும். தாமதித்தவர்களுக்கு விரலையோ கையையோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். தப்பித்தவறி பட்டுவிட்டால் வலிக்கவில்லை என்று பார்க்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். "அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். வெறும் குத்துக்காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

ஹைட்ராலிக் வருவதற்கு முன் பிளேடை எப்படித் தூக்கினார்கள்?
(பள்ளி மாணவி, சேலம்)

பல டோசர்களில் கம்பிவடத்தால். வின்ச் சுற்றினால் பிளேடு எழும்பும், விட்டால் தன் எடையில் விழும். தூக்க முடியும், அழுத்த முடியாது. கெட்டி மண்ணில் பிளேடைக் குத்தி இறக்கும் பலத்தைத் தந்தது ஆயில்தான்.

இறக்கிய பழைய ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(பட்டறை உரிமையாளர், மதுரை)

கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. தடவுகிற ஆளின் தோலிலும் கட்டட மண்ணிலும் அது இறங்கும். மூடியுள்ள பேரலில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அறுத்த ஃபில்டரையும் எண்ணெய்த் துணியையும் குப்பையில் போடாமல் தனியே சேர்த்து வையுங்கள். அவையும் அதே விதிகளுக்குள் வருபவை.